துப்பிப் பார்க்காத எண்ணெய்

சிலருக்குப் பாம்பைக் கண்டால் ஆகாது. எனக்கு லேபிளைக் கண்டால் ஆகாது. ஊறுகாய் பாட்டிலிலிருந்து மருந்து டப்பா வரை, எதன்மேல் எதை எழுதி ஒட்டியிருந்தாலும், "யாருடா நீ, உன்னை நான் எதுக்கு நம்பணும்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். வயதான கோளாறு என்கிறான் என் மகன். கிடையவே கிடையாது. இது இருபத்தோரு வயதில் வந்த கோளாறு. வந்த இடம் மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. அதற்குக் காரணமானவர்கள் என்று ஒரு பட்டியலே மனசுக்குள் வைத்திருக்கிறேன். அதில் என் பெயரையும் சேர்க்க எனக்கு ரொம்ப வருஷம் பிடித்தது.

எண்பதுகளின் தொடக்கம். வேலூரில் மெக்கானிகல் டிப்ளமோ முடித்திருந்தேன். வகுப்பில் நாற்பது பேர், அதில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்திக்கு இரண்டாம் வருஷமே கல்யாணமாகிவிட்டது. ஆக, பட்டறையில் லேத் மெஷின் முன்னால் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற ஒரே ஜீவன் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னையும் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய தினசரி ஜெபத்தில் முதல் விண்ணப்பம். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்று எத்தனை தடவை சொன்னாலும், "மயங்கி விழறவளுக்கு ஆஸ்பத்திரிய விட நல்ல எடம் எது?" என்பாள். (இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.)

பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். ஆறு மாதம் தவணை. அதற்குள் நிரந்தர வேலைக்கான ஆர்டர் என் கையில் இருந்தால் நான் மெஷின் பக்கம். இல்லையென்றால் நர்ஸ் படிப்புக்கான விண்ணப்பத்தை ஏற்கெனவே நிரப்பி பீரோவில் வைத்திருந்த அம்மாவின் பக்கம்.

வேலை கிடைத்தது ஆம்பூரில், ஒரு தோல் கம்பெனியில். முதலாளியை எல்லாரும் பெரிய சாஹிப் என்றுதான் சொல்வார்கள். அவர் தோல் மெஷின் வாங்க இத்தாலி போனவர், திரும்பி வரும்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்றையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றிவிட்டார். மாட்டுத்தீவனம் கலக்கும் மெஷின். பழசுதான், ஆனால் பெயிண்ட் புதுசு. மாதனூர் பக்கத்தில் முப்பது மாடுகளோடு ஒரு பண்ணை வைத்திருந்தார், அதற்காக. "இத்தாலியிலேர்ந்து இரும்புத் தொட்டி வாங்கிட்டு வந்திருக்காரு அண்ணன்" என்று அவருடைய தம்பி சின்ன சாஹிப் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னை வேலைக்கு எடுத்ததே அந்த மெஷினுக்காகத்தான். "தடிமனா ஒரு புக்கு வந்திருக்குது மா. அதைப் படிச்சி மெஷின ஓட்டணும். நம்ம ஆளுங்களுக்குப் புக்கு ஆவாது" என்றார் பெரிய சாஹிப். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு சரி என்றேன். புத்தகத்தைக் கொடுத்தார். பிரித்தால், அத்தனையும் இத்தாலி மொழி! ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? நான் பக்கங்களை மெதுவாகப் புரட்டி, இரண்டு இடத்தில் தலையை ஆட்டி, "பாத்துக்கறேன் சாஹிப்" என்றேன். படங்கள் இருந்தன. டிப்ளமோக்காரிக்குப் படம் போதாதா?

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லாரியின் பின்பாகம் மாதிரி ஒரு பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே ஆள் உயரத்துக்குத் திருகாணி போல இரண்டு உருளைகள். வைக்கோல், சோளத்தட்டு, தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் கொட்டிச் சுவிட்சைப் போட்டால் அவை சுற்றிச் சுற்றிக் கலக்கும். கலந்ததும் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து தீவனம் வெளியே விழும். அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் எண்ணெயின் அழுத்தத்தில். அதுதான் ஹைட்ராலிக். அதற்கென்று தனியாக எண்ணெய் டேங்க், பம்ப், ரப்பர் குழாய்கள். முன்பக்கத்தில் மூன்று சிவப்பு விளக்குகள். ஒன்றின் கீழே எண்ணெய்க் குவளை படம், ஒன்றின் கீழே காய்ச்சல் பார்க்கும் கருவி படம், மூன்றாவதின் கீழே சல்லடை படம். எண்ணெய் குறைந்தால், சூடானால், ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அந்தந்த விளக்கு எரியும். கூடவே காது கிழிகிற மாதிரி ஒரு ஒலி. இவ்வளவுதான். இதற்கு இத்தாலி மொழி எதற்கு?

பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் மாணிக்கம். நாற்பது வயதிருக்கும். மாடுகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். நான் முதல் நாள் பண்ணைக்குப் போனபோது, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் பஸ்ஸ உட்டுட்டாரா?" என்று கேட்டார்.

"நான்தான் மெக்கானிக்."

"சரிங்க மேடம். ஆனா மெஷின் ரிப்பேர் பண்றவரு எப்ப வர்றாரு?"

இதை நான் ஒரு நாளா, இரண்டு நாளா சகித்தேன்? பால்காரர் கேட்டார், வைக்கோல் வண்டிக்காரர் கேட்டார், ஒரு நாள் வழி தெரியாமல் வந்த போஸ்ட்மேன்கூடக் கேட்டார். ஒவ்வொருவரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். என் பின்னால் அப்படி யார்தான் நிற்கிறார்கள் என்று நானே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். வயிறு எரிந்தது.

கம்பெனியில் ஃபிட்டர் பாஷா பாய். தோல் மெஷின்களோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். என்னைப் 'பாப்பா' என்பார். (அதற்கும் வயிறு எரிந்தது.) நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பிரஸ் மெஷினுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. ஸ்டோரிலிருந்து டின் வந்தது. பாஷா பாய் மூடியைத் திறந்து, விரலால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே உள்ளங்கையில் 'த்தூ' என்று துப்பினார். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, "சர்தான், ஊத்து" என்றார்.

நான் மூக்கைச் சுளித்தேன். "என்ன பாய் இது அசிங்கம்?"

"வெள்ளையா ஆனா தோல் எண்ணெ. ஆவலன்னா மெஷின் எண்ணெ. அவ்ளோதான் பாப்பா."

தோல் கம்பெனியில் எண்ணெய் இரண்டு ஜாதி. ஒன்று மெஷினுக்கு. இன்னொன்று தோலை மிருதுவாக்க ஊற்றுவது. மீன் எண்ணெயைப் பதப்படுத்தி, தண்ணீரில் கரைகிற மாதிரி செய்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் பால் போல வெளுத்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே பழுப்பு நிறம், ஒரே பிசுபிசுப்பு. அந்தக் கம்பெனியில் ஃபிட்டரிலிருந்து எண்ணெய் போடுகிறவர் வரை எல்லாரும் ஊற்றுவதற்கு முன்னால் கையில் துப்பித் தேய்த்துப் பார்ப்பார்கள். சாமி கும்பிடுகிற பழக்கம்போல அது.

"அதான் டின் மேல லேபிள் இருக்கே பாய், படிச்சா தெரியப் போவுது" என்றேன்.

பாஷா பாய் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். "லேபிளு எவனோ ஒட்னது பாப்பா. எச்சி என்னோடது."

அன்று வேலூர் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இந்த நாட்டின் தொழில்வளர்ச்சி ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனேன். படிக்காதவர்கள் கையில் துப்பிக்கொண்டு திரிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுக்கும் வந்தேன்.

ஐந்தரை மாதம் ஓடியது. மெஷினும் ஓடியது. பெரிய சாஹிப் ஒரு நாள் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம தோஸ்துங்களயெல்லாம் பண்ணைக்குக் கூப்பிட்டிருக்கேன். தம்பியும் வர்றான். எல்லார் எதுர்லயும் மெஷின் ஓடணும் மா. ஓடிச்சின்னா அன்னிக்கே உன் ஆர்டர கையில குடுத்துடறேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் ஆறு மாதம் முடிகிற நாள். வீட்டில் அம்மா நர்ஸ் விண்ணப்பத்தை பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்திருந்தாள்.

அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால் முதல் விளக்கு எரிந்தது. குவளை படம். எண்ணெய் குறைவு. டேங்கைத் திறந்து பார்த்தால் பாதிதான் இருந்தது. எளிய விஷயம். ஸ்டோருக்குச் சீட்டு எழுதினேன். கம்பெனி வேனில் ஒரு சின்னப் பீப்பாய் வந்தது. ஸ்டோர்காரர் கொடுத்தனுப்பிய ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் லேபிளை மூன்று தடவை படித்தேன். கொட்டை எழுத்தில் ஹைட்ராலிக் ஆயில் என்று போட்டு, கீழே நம்பரும் போட்டிருந்தது. நம்பரைப் புத்தகத்தில் இருந்த நம்பரோடு சரிபார்த்தேன். (எண்கள் இத்தாலியிலும் எண்கள்தான்.) அந்தக் கம்பெனி வரலாற்றிலேயே ஒரு பீப்பாயின் லேபிளை முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தான் என்று சத்தியம் செய்வேன்.

வேன் டிரைவர் போகும்போது, "பாய் சொல்லி அனுப்சாரு. ஊத்தறதுக்கு முந்தி ஒரு தபா கையில பாத்துக்கணுமாம்" என்றார்.

"பாய் கிட்ட சொல்லுங்க, நான் படிச்சிட்டேன்னு."

மூடியைத் திறந்தபோது லேசாக மீன் வாடை அடித்தது. அடித்ததா? அடித்தது. ஆனால் ஆறு மாதமாக ஆம்பூர் போய் வருகிறவள் மூக்குக்கு எந்த வாடையை எதன் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. ஊறவைத்த தோல், சுண்ணாம்பு, சாக்கடை எல்லாம் என் தாவணியிலேயே குடியிருந்தன. ஊற்றினேன். விளக்கு அணைந்தது. மாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றேன். அவர் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் இரண்டாவது விளக்கு. சூடு. டேங்கைத் தொட்டால் இட்லிக் குண்டான் மாதிரி கொதித்தது. புத்தகத்தில் ஒரு படத்தில் டேங்கைச் சுற்றி அம்புக்குறிகள் போட்டிருந்தது. காற்றோட்டம் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. நம்ம ஊர் வெயிலுக்குக் காற்று எங்கே போய்ப் பிடிக்க? கோணிப்பைகளை நனைத்து டேங்கின்மேல் போர்த்தி, மணிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். டேங்கின் மூடியில் காற்று போய்வர ஓட்டை இருக்கும், அது வழியாக நான் ஊற்றச் சொன்ன தண்ணீரில் பாதி உள்ளே போகும் என்று எனக்கு மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

ஏழாம் நாள் மூன்றாவது விளக்கு. சல்லடை. ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, கடைந்தெடுத்த வெண்ணெய் மாதிரி கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. டேங்கிலும் வெள்ளை. குழாயிலும் வெள்ளை.

பண்ணையில் வெள்ளையாக இருப்பது என்ன? பால்.

இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்று எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கறந்த பாலை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கமாகத்தான் மாணிக்கம் போவார். டேங்க் மூடி அடிக்கடி திறந்தே கிடந்தது (திறந்து வைத்தது நான்). எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர அவரோ அவருடைய கவனக்குறைவோ பாலைக் கொட்டியிருக்கிறது! நேரே போய்க் கேட்டேன்.

"மாணிக்கம், டேங்குல பால் கொட்டினீங்களா?"

அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. "எந்த டேங்கு மேடம்? எதுக்கு மேடம்?"

"எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"பாலு மேடம் அது. எவனாச்சும் கொட்டுவானா?"

இதை நான் மழுப்பல் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே உட்கார்ந்து, மூன்று பக்கத்துக்கு இங்கிலீஷில் ஓர் அறிக்கை எழுதினேன். பண்ணை மேற்பார்வையாளர் மாணிக்கத்தின் அலட்சியத்தால் ஹைட்ராலிக் டேங்கில் பால் கலந்திருக்கிறது, அவரை இந்தப் பொறுப்பிலிருந்து மாற்றுவது மெஷினுக்கு நல்லது என்று. அடியில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்து. பெரிய சாஹிபின் ஆபீசில் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மாணிக்கத்துக்கு மூன்று பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன். இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

ஃபில்டரைக் கழுவி மாட்டினேன். மறுநாள் விளக்கு. திரும்பக் கழுவினேன். திரும்ப விளக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அது அணையவே மறுத்தது. நாளைக்கு விருந்தாளிகள் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்து, ஒலியும் கூவினால் என் ஆர்டர் என்ன ஆவது? அப்போதுதான் எனக்கு அந்த மேதாவித்தனமான யோசனை வந்தது. ஃபில்டரைத்தான் கழுவியாகிவிட்டதே, ஆகவே தவறு விளக்கில்தான் இருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை எடுத்து மூன்றாவது விளக்குக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டேன். விளக்கு அணைந்தது. ஒலி நின்றது. துப்பிப் பார்ப்பவர்களைப் பார்த்து நாட்டின் எதிர்காலத்துக்காகக் கவலைப்பட்ட அதே ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு வராமல் பண்ணைக்குக் கிளம்பிய என்னிடம் அம்மா பேசவேயில்லை. பண்ணையில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஒரு ஓரத்தில் பெரிய தேக்சாவில் பிரியாணி தம்மில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை ஜிப்பாவில் வந்திறங்கினார்கள். அவர்களில் சின்ன சாஹிபின் ஜிப்பாதான் எல்லாவற்றையும்விட வெளுப்பு. பாஷா பாயும் அவர்களோடு வேனில் வந்திருந்தார். பெரிய சாஹிப் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் மெஷின பாக்குது. இத்தாலி புக்கையே படிச்சிடுச்சி" என்றார் பெருமையாக.

சின்ன சாஹிப் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் வரலியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். உருளைகள் சுற்றின. தீவனம் கலந்தது. பத்து நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. விருந்தாளிகள் 'பஹுத் அச்சா' என்றெல்லாம் பாராட்ட ஆரம்பித்திருந்தார்கள். கதவைத் திறக்கும் கைப்பிடியைத் தள்ளினேன். கதவு பாதி திறந்து நடுங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

அடைத்துக்கொண்ட ஃபில்டருக்குப் பின்னால் எண்ணெய் எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கொள்ளும்? 'டப்' என்று ஒரு சத்தம். ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு, பாம்பு மாதிரி தலையைத் தூக்கி, வெள்ளை நுரையைப் பந்தலை நோக்கிப் பீச்சியது. வெள்ளை ஜிப்பாக்களில் வெள்ளை நுரை. கறை தெரியவில்லை, நாற்றம்தான் தெரிந்தது. இரண்டு பேர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். வயதான ஒரு விருந்தாளி மட்டும் அசையாமல் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இந்த மெஷினு பாலு கூட கறக்குதா?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

அதோடு முடிந்ததா? அழுத்தம் போனதும் கதவு முழுசாகத் திறந்துகொண்டு மூட மறுத்தது. உருளைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும் மலை மாதிரி வெளியே வந்து நுரையில் விழுந்தன. நான்? நான் கையில் இத்தாலிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கதவு படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். மாணிக்கம்தான் அந்த நுரைக்குள் புகுந்து ஓடி மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்தினார்.

நான்கு மாடுகள் தீவன வாசனைக்கு எட்டிப் பார்த்தன. கொட்டிக் கிடந்ததை முகர்ந்தன. மூக்கால் 'புர்' என்று ஊதிவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. அதுவரைக்கும் என் வேலையைப் பற்றி யாரும் அவ்வளவு வெளிப்படையாகக் கருத்துச் சொன்னதில்லை.

"பொம்பள கை பட்டா மெஷினு இப்படித்தான்" என்றார் சின்ன சாஹிப், ஜிப்பாவை உதறிக்கொண்டே.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை, வெட்கம் எல்லாம் போய்க் கோபம் தலைக்கேறியது. "கைய பத்தி பேசாதீங்க சாஹிப். டேங்குல பால் கொட்டியிருக்கு. ரிப்போர்ட் குடுத்திருக்கேன்!" என்று கத்தினேன்.

பாஷா பாய் எழுந்து வந்தார். ஓரமாகக் கிடந்த பீப்பாயைச் சாய்த்தார். அடியில் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்தார். 'த்தூ.' தேய்த்தார். கையை அத்தனை பேர் முன்னாலும் விரித்துக் காட்டினார். பால் போல வெள்ளை.

"தோல் எண்ணெ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டிருப்பேன்.

நடந்தது இதுதான். காலியான மெஷின் எண்ணெய்ப் பீப்பாயில் யாரோ தோல் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார்கள். லேபிளை யாரும் கிழிக்கவில்லை. எதற்குக் கிழிக்க வேண்டும்? அங்கே யார் லேபிளைப் பார்த்தார்கள்? எல்லாரும்தான் துப்பிப் பார்க்கிறார்களே! படிக்கத் தெரிந்த ஒருத்தி வந்து சேருவாள் என்று அந்த ஸ்டோர் கனவுகூடக் காணவில்லை. நான் கேட்கிறேன், இது என் தப்பா? பீப்பாய்மேல் எழுதியிருப்பதைப் படிப்பது குற்றமா? அன்றைக்கும் கேட்டேன். "லேபிள் தப்பு சாஹிப்! ஸ்டோர் மேலதான் தப்பு!"

பெரிய சாஹிபின் தாடியில் இன்னும் கொஞ்சம் நுரை இருந்தது. கோபத்தில் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜிப்பா பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். என் அறிக்கை.

"ஸ்டோர அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல இத மாணிக்கத்துக்குப் படிச்சிக் காட்டு. தமிழ்ல."

மூன்று பக்கம். ஒவ்வொரு வரியாக, அலட்சியம், பால், பொறுப்பிலிருந்து மாற்றுவது நல்லது என்று, நுரை சொட்டச் சொட்ட நிற்கிற அந்த மனிதர் முன்னால் மொழிபெயர்த்துப் படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று பக்கத்தை நான் படித்ததில்லை. இங்கிலீஷில் கம்பீரமாக இருந்ததெல்லாம் தமிழில் கோள் மூட்டுவதாக இருந்தது.

மாணிக்கம் கடைசி வரை கேட்டார். "ஒரு சொட்டு பால நான் கீழ உட்டதில்ல மேடம்" என்றார் மெதுவாக. "கன்னுக்குட்டி குடிக்கிறது. அத போயி மெஷினுக்கு ஊத்துவனா?"

"தப்புதான். மன்னிச்சிக்குங்க" என்றேன். எனக்குள்ளேயே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அதனால் இரண்டாவது தடவையும் சொன்னேன்.

பெரிய சாஹிப் பீப்பாயைக் காட்டினார். "ஆர்டரு இன்னிக்கி கெடயாது. இன்னும் மூணு மாசம் பாப்பேன். இங்க இருக்கறவன் ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது, அதனால துப்பறான். நீ படிச்சவ. படி, வாணாம்னு சொல்லல. படிச்சிட்டுத் துப்பு. இப்ப, இங்கயே. இல்லன்னா உங்க ஊரு பஸ்ஸுக்குப் போயிடு."

பன்னிரண்டு ஜிப்பாக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. பஸ் ஏறினால் நேரே நர்ஸ் படிப்பு. பாஷா பாய் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெயை வைத்தார். துப்பப் போனேன்.

வரவில்லை! பயத்தில் வாய் காய்ந்த வைக்கோல் மாதிரி வறண்டு கிடந்தது. 'த்தூ, த்தூ' என்று வெறும் காற்றுதான் வந்தது. இத்தனை நாள் அசிங்கம் என்று மூக்கைச் சுளித்தவள், கை நீட்டி நின்று எச்சிலுக்காகத் தவம் கிடக்கிறேன். சின்ன சாஹிப் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் படாத பாடு பட்டார். மாணிக்கம் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்க மேடம். அவசரம் இல்ல" என்றார்.

குடித்தேன். முழுச் செம்பையும். பிறகு துப்பினேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்துவிட்டது. என் உள்ளங்கையைத் தாண்டி பாஷா பாயின் சட்டை வரை போயிற்று. தேய்த்தேன். வெள்ளை.

"சர்தான்" என்றார் பாஷா பாய், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "இப்ப மெக்கானிக்கு வந்துட்டாங்க." அன்றிலிருந்து அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை.

மூன்று மாதத்தில் ஆர்டர் வந்தது. அந்த மூன்று மாதமும் அம்மாவைச் சமாளித்தது அப்பாதான். டேங்கைத் தேய்த்துக் கழுவ எனக்கும் மாணிக்கத்துக்கும் நான்கு நாள் ஆயிற்று. பிடுங்கிய வயரை நானே திரும்ப மாட்டினேன். அந்தக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் இருந்தேன். கடைசி வரை ஸ்டோர்காரர் லேபிள் மாற்றவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் கதை கம்பெனியோடு நிற்கவில்லையே. இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பாகாயத்துப் பக்கம் குடும்பம், மாப்பிள்ளை ஆபீஸ் வேலை. என் வருங்கால மாமியார் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சம்பிரதாயமாகக் கேட்டார்: "பொண்ணுக்கு இன்னா இன்னா தெரியும்? பாடுவாளா?"

அப்பா வாத்தியார். பொய் சொல்ல மாட்டார். கொஞ்சம் யோசித்தார். "பாட்டு சுமாருங்க. நல்லா துப்புவா" என்றார்.

அம்மா முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை முறைத்தாள். நான் தலைகுனிந்து நின்ற நிலையிலேயே பொங்கிவிட்டேன். "தப்பு லேபிளோட பீப்பாய அனுப்பினது ஸ்டோருதான், அப்பா! அத ஏன் நீங்க சொல்லல?" என்று ஆரம்பித்து, பீப்பாய், ஃபில்டர், நுரை, மாணிக்கம் என்று முழுக்கதையையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் அவ்வளவு பேசிய பெண் எங்கள் சபையில் அதுவரை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று அம்மா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மாணிக்கம் அப்புறம் உங்ககிட்ட பேசினாரா?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். மாணிக்கம் கல்யாணத்துக்கு வந்தார், ஒரு குடம் பாலோடு. மேடையேறி அதை என் கையில் கொடுத்து, "டேங்குக்கு இல்ல மேடம்" என்றார். கோவில் பாதிரியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புது எண்ணெய் டின் வந்தால் சமையலறையில் யாரும் அதைத் தொடுவதில்லை. மருமகள் டின்னை மேடையில் வைத்துவிட்டு, "அத்தே, நீங்க பாத்துட்டு சொல்லுங்க" என்று மரியாதையாக வெளியே போய்விடுகிறாள். மகனும் என் வீட்டுக்காரரும் கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். கடலை எண்ணெயில் துப்பினால் என்ன தெரியப்போகிறது, அறிவில்லையா என்று கத்துவேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல், ஒரு சொட்டு கையில் விட்டுப் பார்த்துவிடுவேன்.